கடப்பாக் கல்லின் மேல் ஒரு சைப்ரஸ் தோப்பு: 8 வருட அனுபவம்

2017 பிப்ரவரியில் குன்னூரில் ஒரு நர்சரியில் 12 சைப்ரஸ் கன்றுகள் வாங்கினேன். வேலிக்கு வைக்கிற சாதாரண மான்டெரி சைப்ரஸ்தான், முழங்கால் உயரம் இருக்கும். அவற்றில் 8 இன்று ஒரே கடப்பாக் கல்லின் மேல் போன்சாய் தோப்பாக, அதாவது குட்டையாகவே வைத்து வளர்க்கும் மரக்கூட்டமாக நிற்கின்றன. இருப்பதிலேயே உயரமான தலைமரம் 92 சென்டிமீட்டர். இத்தனை வருடம் கூடவே இருந்து பார்த்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

இந்த மரத்தின் சொந்த ஊர் கலிபோர்னியாவின் மான்டெரி கடற்கரை. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்கு வந்து இங்கேயே ஊன்றிவிட்டது. குளிர், காற்று, மூடுபனி எல்லாம் அதற்குப் பழகியவை. சமவெளியில் இருப்பவர்கள் இதற்கு ஆசைப்பட வேண்டாம், சவுக்கில் முயன்று பாருங்கள். உயரமான தோப்பு வடிவம் சவுக்குக்கு நன்றாகவே அமையும்.

எனக்கு ஆசையைத் தூண்டியது அமெரிக்க போன்சாய் கலைஞர் ஜான் நாகாவின் ‘கோஷின்’ என்ற தோப்பு. அதை 1948ல் தொடங்கி, பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப 11 ஃபொமினா வகை ஜூனிபர்கள் கொண்ட தோப்பாக வளர்த்தார். 1984ல் அமெரிக்க தேசிய போன்சாய் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார், இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. ஜூனிபரும் சைப்ரஸ் குடும்பம்தான். கோஷினின் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்ததெல்லாம் உச்சியைத்தான். பார்த்திருக்க வேண்டியது அடிப்பகுதியை என்று புரிய எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

முதல் தவறு வேரில். கன்று தந்த பெரியவர் அப்போதே சொன்னார்: “தம்பி, இது வேர்ல கை வெச்சா கோவிச்சுக்கும். மண்ணோட வெச்சிரு.” நான் கேட்கவில்லை. மூன்று கன்றுகளின் மண்ணை முழுக்கக் கழுவிவிட்டு நட்டேன். ஒரு மாதம் பச்சையாகவே இருந்தன, அப்புறம்தான் வெளுத்தன. சைப்ரஸில் இது ஒரு கஷ்டம்: மரம் செத்த செய்தி இலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். மீதி ஒன்பதுக்கும் பாதி வேரை மட்டும் கலைத்தேன், அடி வேரைக் குறைத்தேன், பக்கவாட்டு வேர்களில் கை வைக்கவில்லை. ஒன்றுகூடப் போகவில்லை.

பெரிய பீங்கான் தட்டின் விலையைக் கேட்டதும் அந்த யோசனையை விட்டுவிட்டேன். கடப்பாக் கல் பலகை ஒன்றை இரண்டரை அடி நீளத்துக்கு வெட்டி, கட்டுக்கம்பி நுழைய 14 துளைகள் போட்டு வாங்கினேன். துளை போட்டவர் “சார், இதுக்கு மேல என்ன வைக்கப் போறீங்க?” என்று இரண்டு தடவை கேட்டார். ஓரத்தில் களிமண்ணும் பாசியும் பிசைந்து ஒரு விரல்கடை உயரத்துக்குக் கரை கட்டினேன். உள்ளே சலித்த செங்கல் துண்டு, பருமணல், கொஞ்சம் இலை மக்கு. ஒவ்வொரு மரத்தையும் வேரோடு சேர்த்துக் கம்பியால் கல்லோடு கட்டினேன். உயரமான மரத்துக்கு இந்தக் கட்டு ரொம்ப முக்கியம். ஜூன், ஜூலைக் காற்றில் மரம் ஆடினால் புது வேர் அறுந்துவிடும்.

நடுவதற்கான விதிகள் எல்லாரும் சொல்வதுதான். பருத்த, உயர்ந்த மரத்தை முதலில் வைக்க வேண்டும், ஆனால் சரி நடுவில் வைக்கக் கூடாது. மூன்று மரம் ஒரே கோட்டில் வரக் கூடாது. மெலிந்தவை பின்னால் போனால் ஆழம் தெரியும். இதையெல்லாம் செய்தும் என் தோப்பு மூன்று வருடம் வேலியாகத்தான் தெரிந்தது. காரணம், அடிக்கிளை ஒன்றைக்கூட எடுக்க எனக்கு மனம் வரவில்லை. சைப்ரஸ் பழைய கட்டையில் திரும்பத் துளிர்க்காது, எடுத்த கிளை எடுத்ததுதான். அந்தப் பயத்தில் எல்லாவற்றையும் விட்டு வைத்தேன். 2019 மழைக்காலம் முடிந்து உள்ளே கையை விட்டால், காய்ந்த பழுப்புச் செதில்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. நான் காப்பாற்றி வைத்த கிளைகளை வெளிச்சம் கிடைக்காமல் தோப்பே கொன்றிருந்தது.

2020 பிப்ரவரியில் துணிந்து உட்கார்ந்தேன். தலைமரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கை வெறும் தண்டாக்கினேன். மற்ற மரங்களில் உட்பக்கம் பார்த்த கிளைகளை எடுத்தேன், வெளிப்பக்கம் பார்த்தவற்றை 2 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி சுற்றிக் கீழே சாய்த்தேன். வெட்ட வெட்ட எலுமிச்சை வாசம், கையெல்லாம் பிசின். சாயங்காலம் கல்லின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். தண்டுகளுக்கு நடுவே பின்சுவர் தெரிந்தது. மரம் ஒரு சென்டிமீட்டர்கூட வளரவில்லை, ஆனால் அன்றைக்குத்தான் உயரமானது.

கம்பியை மூன்று மாதத்துக்கு மேல் விடாதீர்கள். வெயில் மாதங்களில் தண்டு வேகமாகப் பருக்கும், பட்டையில் பதிந்துவிடும். நுனிகளை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தாலும் மரம் சோர்ந்துவிடும். நான் நீண்ட துளிரை மட்டும் தேடி, இலைக்கு நடுவே வெட்டாமல், உள்ளே தண்டாகத் தொடங்கும் இடத்தில் கத்தரிக்கிறேன். இலையில் வெட்டினால் நுனி கருகும்.

2022ல் இடது ஓர மரம் ஒன்று போனது. தண்டில் பிசின் வழிந்தது, அப்புறம் கிளை கிளையாகப் பழுத்தது. சைப்ரஸைத் தாக்கும் சீரிடியம் என்ற பூஞ்சைக்கு இதுதான் அடையாளம், வெட்டுக் காயம் வழியாக உள்ளே போகும். மழை நாளில் அதே மரத்தில் கத்தரி வைத்தது நான்தான். மரத்தை எரித்தேன். இப்போது மழையில் கத்தரியைத் தொடுவதில்லை, ஒவ்வொரு மரத்துக்கும் ஸ்பிரிட்டால் துடைக்கிறேன். போன்சாய் தோப்பில் மரங்கள் ஒற்றைப்படையில் இருப்பது வழக்கம், அதற்காக இன்னொன்று நடச் சொன்னார்கள். எட்டு மரத்தை நின்று எண்ணுகிறவர் யாரும் இல்லை. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டேன், தோப்புக்குள் நுழையும் வழி மாதிரி இருக்கிறது.

தினசரி வேலை என்றால் தண்ணீர்தான். மார்ச், ஏப்ரலில் இரண்டு வேளை, ஏனென்றால் கல்லின் மேல் மண் சீக்கிரம் காயும். மழைக்காலத்தில் கல்லின் ஒரு முனைக்குக் கீழே செங்கல் வைத்துச் சாய்த்துவிடுவேன், தேங்கிய நீர் வடிந்துவிடும். மூன்று நாள் ஊருக்குப் போக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போக முடியும். அது முடியாதவர்கள் கல் பலகையை விட்டுவிட்டு, கொஞ்சம் ஆழமான தட்டு எடுங்கள்.

எட்டு மரத்தின் வேரும் இப்போது ஒரே பாயாகப் பின்னிவிட்டது, தனித்தனியாகப் பிரிக்க வழியில்லை. அடுத்த பிப்ரவரியில் கட்டுக்கம்பியை அறுத்து, கல்லிலிருந்து முழுசாகத் தூக்கி, ஓரத்தில் மட்டும் கேக் துண்டு போல முக்கோணமாக வெட்டிப் புதுக் கலவை நிரப்பப் போகிறேன். தூக்க மூன்று பேர் வேண்டும், இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.