நேஃபியானுக்குள் நீர்: கடிகாரமா, தராசா, என்.எம்.ஆரா?

ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃபியூவல் செல்லின் நடுவே இருக்கும், நேஃபியான் என்ற அமிலப் பாலிமர் சவ்வுக்குள் நீர் எவ்வளவு வேகமாக விரவுகிறது? மூன்று வழிகளில் அளக்கலாம். மூன்றிலும் ஒரே எண் வராது. உடனே கருவியைச் சந்தேகிப்பார்கள். எனக்கென்னவோ, ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது என்றுதான் படுகிறது.

மூத்தது கடிகார முறை. 1920இல் டெய்ன்ஸ் ரப்பர் சவ்வில் செய்துகாட்டியது. ஒரு பக்கம் வாயுவை விட்டு, மறுபக்கம் அது சீராக வெளிவருவதற்கு முன் ஏற்படும் தாமதத்தைக் கணக்கிட வேண்டும். தடிமனின் வர்க்கத்தைத் தாமதத்தின் ஆறு மடங்கால் வகுத்தால் விரவல் கெழு, அதாவது விரவும் வேகத்தைச் சொல்லும் எண், கிடைத்துவிடும். செலவும் குறைவு. ஆனால் 25 மைக்ரான் நேஃபியானில் நீருக்கு அந்தத் தாமதம் கால் விநாடிகூட இருக்காது. எதைப் பிடித்து அளப்பது?

தராசு முறையில், ஈரக்காற்றில் சவ்வின் எடை ஏறுவதைப் பார்க்கிறோம். எளிதுதான். ஆனால் நீர் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே நுழையவே நேரம் பிடிக்கிறது, பாலிமரும் ஊதுகிறது. சவ்வு மெலிய மெலியக் கெழுவும் குறைந்துகொண்டே போனால், அளந்தது உள்ளே நடப்பதை அல்ல, வாசல் நெரிசலை.

காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சைகையைப் படிக்கும் என்.எம்.ஆருக்கு (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) வாசலே கிடையாது. 1965இல் ஸ்டெய்ஸ்கலும் டானரும் வகுத்த முறை இது. ஒரு காந்தப்புலச் சரிவுத் துடிப்பு, ஒவ்வொரு ஹைட்ரஜன் கருவுக்கும் அது இருக்கும் இடத்தைப் பொறுத்து அடையாளம் இடுகிறது. சில மில்லிவிநாடிகள் கழித்து இரண்டாவது துடிப்பு அதை அழிக்கிறது. இடம் மாறியவற்றின் அடையாளம் முழுதாக அழியாது. அந்த அளவுக்கு, கருக்களிடமிருந்து திரும்பி வரும் சைகையான எதிரொலி மங்கும். 20 மில்லிவிநாடியில் நீர் நகர்வது நாலைந்து மைக்ரான்தான். நன்றாக நனைந்த நேஃபியானில் கெழு, சாதாரண நீரில் உள்ளதில் ஏறத்தாழ கால்பங்கு.

சிக்கல் இல்லாமல் இல்லை. சவ்வு சமநிலையில் இருக்கும்போது அளப்பதால் கிடைப்பது தன்விரவல், அதாவது செறிவு வேறுபாடு இல்லாமலே மூலக்கூறுகள் தாமாக அலைவது. செறிவு வேறுபாட்டால் நீர் ஓடும் வேகம் வேண்டுமென்றால் வெப்ப இயக்கவியல் காரணி ஒன்றால் பெருக்க வேண்டும். நீரின் ஹைட்ரஜனும் அமிலத்தின் புரோட்டானும் இடம் மாற்றிக்கொள்வதால் இரண்டின் சராசரிதான் தெரியும். அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: காந்தப்புலச் சரிவு பெரும்பாலும் மாதிரியை வைக்கும் குழாயின் நீளவாக்கில் இருக்கும். சவ்வைச் சுருட்டி நிறுத்தினால் தளத்தின் வழியான விரவல்தான் வரும். ஃபியூவல் செல்லுக்குத் தேவையானதோ குறுக்கே கடக்கும் விரவல். வில்லைகளாக வெட்டி அடுக்கினால்தான் அது கிடைக்கும்.

ஈரமான நேஃபியானுக்கு என் ஓட்டு என்.எம்.ஆருக்கே. கண்ணாடி போல் விறைத்த பாலிமர் என்றால் கதை வேறு. கெழு விநாடிக்கு 10⁻¹³ சதுர மீட்டராக இறங்கினால், 100 மில்லிவிநாடி காத்திருந்தாலும் மூலக்கூறு 0.14 மைக்ரான்தான் நகரும். அதைக் காண மிக வலுவான சரிவு வேண்டும். டெய்ன்ஸின் கடிகாரத்துக்கு அவசரமே இல்லை: 100 மைக்ரான் படலத்தில் தாமதம் நாலரை மணி நேரத்துக்குச் சற்று மேல்.