கூகுள் பெனால்டியை வரவச்சதும் அவங்க, எடுத்துத் தர்றேன்னு காசு கேட்டதும் அவங்களே

சொந்தமா சின்னதா ஒரு வெப்சைட் வச்சு வியாபாரம் பண்றவங்க, அதை ஏதாவது எஸ்இஓ (கூகுள் தேடல்ல மேல கொண்டுவர்ற வேலை) ஏஜென்சி கையில குடுத்திருக்கறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. இது எங்க சித்தப்பாவுக்கு நடந்தது. புகார் ஓடிட்டிருக்கறதால ஏஜென்சி பேரைப் போடல, ஆனா அவங்க என்னென்ன செஞ்சாங்கன்னு சொல்றேன், உங்க ஆளும் அதையேதான் செய்றாரான்னு நீங்களே பாத்துக்கலாம்.

சித்தப்பாவுக்கு பவானில ஜமக்காளம் வியாபாரம். தறிக்காரங்ககிட்ட வாங்கி மண்டபம், கோயில், கடைன்னு அனுப்புவாரு. வெப்சைட் நான் போட்டுக் குடுத்தது, படம், அளவு, விலை, போன் நம்பர், அவ்ளோதான் இருக்கும், ஆனா கூகுள்ல தேடி வெளியூர்க்காரங்க கூப்பிட்டு ஆர்டர் குடுத்துட்டுதான் இருந்தாங்க. அப்பதான் ஒரு ஏஜென்சிக்காரர் போன்ல "மூணே மாசம் சார், ஃபர்ஸ்ட் பேஜ்ல முதல் எடம், கேரண்டி"ன்னு பேசி மாசம் 18,000 ரூபாய்க்கு முடிச்சுட்டாரு. முதல் எடத்துக்கு யாராலயும் உத்தரவாதம் குடுக்க முடியாதுன்னு கூகுளே அவங்க உதவிப் பக்கத்துல எழுதி வச்சிருக்காங்க. அந்த கேரண்டிங்கற வார்த்தையே பொய்.

ஆரம்பத்துல நெஜமாவே மேல போச்சு. போனும் கூடுதலா வந்துச்சு. அப்புறம் திடீர்னு எல்லாம் நின்னுபோச்சு, கடை பேரையே போட்டுத் தேடினாகூட எங்க சைட் வரல, வேற யாரோ எங்க படத்தைப் போட்டு விக்கிற பக்கம்தான் மேல வருது. ஏஜென்சில கேட்டா "கூகுள் அப்டேட் சார், எல்லாருக்கும் இப்படித்தான், தானா சரியாயிரும்"னாங்க. ஆகல. கொஞ்ச நாள் கழிச்சு அவங்களே கூப்பிட்டு, பெனால்டி (விதியை மீறினதுக்கு கூகுள் சைட்டைக் கீழ தள்ளுறது) விழுந்திருக்கு, ரிமூவல் பேக்கேஜ் 65,000, அதுபோக மாசாமாசம் டிஸ்அவோ (இந்த கெட்ட லிங்க்கையெல்லாம் கணக்குல எடுக்காதீங்கன்னு கூகுளுக்குப் பட்டியல் குடுக்கறது) மெயின்டெனன்ஸ் தனி, கூகுள்ல நமக்கு ஆள் இருக்காங்கன்னு சொன்னாங்க. சித்தப்பா எனக்குப் போன் பண்ணி "கண்ணு, கட்டிரலாமா"ன்னு கேட்டப்பதான் எனக்கே விஷயம் தெரிஞ்சுது.

சர்ச் கன்சோல் (நம்ம சைட் கூகுள்ல எப்படி இருக்குன்னு ஓனருக்குக் காட்டற கூகுளோட இலவச டூல்) ஆக்சஸ் குடுங்கன்னு ஏஜென்சில கேட்டேன். இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தாங்களே தவிர தரல. நல்லவேளை டொமைன் (வெப்சைட் முகவரி) சித்தப்பா பேர்லயே இருந்துச்சு, அதனால டிஎன்எஸ்ல (அந்த டொமைனோட செட்டிங்) ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்ட் சேத்து நானே ஓனர்னு வெரிஃபை பண்ணி உள்ள போனேன். உள்ள மேனுவல் ஆக்‌ஷன் (கூகுள் போட்ட தண்டனை) பக்கத்துல பளிச்சுனு இருக்கு, உங்க சைட்டுக்கு இயற்கைக்கு மாறான லிங்க்குகள் வருதுன்னு, அதாவது கூகுள்ல மேல வர்றதுக்காக மத்த சைட்டுகள்ல செயற்கையா போட்ட லிங்க். அந்த மெசேஜோட தேதியைப் பாத்தா, "அப்டேட் சார்"னு எங்ககிட்ட சொன்னதுக்கு ரொம்ப முன்னாடி. ஓனரா இருந்தது அவங்க மெயில் மட்டும்தான், மெசேஜ் அவங்களுக்குத்தான் போயிருக்கு. தெரிஞ்சே மறைச்சுட்டு மாசப் பணத்தை மட்டும் சரியா வாங்கிட்டு இருந்திருக்காங்க. இதைத்தான் என்னால பொறுக்கவே முடியல.

லிங்க்ஸ் ரிப்போர்ட்டைத் தொறந்து பாத்தா சூதாட்ட சைட், மாத்திரை விக்கிற சைட், எந்த மொழின்னே புரியாத சைட், எல்லாத்துல இருந்தும் "பவானி ஜமக்காளம் ஆன்லைன்"னு ஒரே ஆங்கர் டெக்ஸ்ட்ல (க்ளிக் பண்ற வார்த்தை) லிங்க். நெஜமா ஒருத்தர் கடையைப் பத்தி எழுதினா ஒருத்தர் கடை பேரைப் போடுவாரு, ஒருத்தர் "இங்க வாங்கினேன்"னு போடுவாரு, எல்லாரும் ஒரே வார்த்தையைப் போட மாட்டாங்க, அதை வச்சே காசுக்கு வாங்கின லிங்க்னு தெரிஞ்சிரும். அதுபோக சேலத்துக்கு ஒரு பக்கம், திருச்சிக்கு ஒரு பக்கம்னு ஊர் பேரை மட்டும் மாத்தி அதே பத்தியை எங்க சைட்லயே வரிசையா போட்டு வச்சிருக்காங்க, டோர்வே பேஜ்னு சொல்வாங்க, அதுவும் கூகுள் விதிக்கு எதிரானது. பெரிய கம்பெனியா இருந்தாலும் இதுல தப்பிக்க முடியாது. அமெரிக்காவுல ஜேசி பென்னி கடைக்கு 2011ல இதேதான் நடந்துச்சு, பெட்ஷீட், தரைவிரிப்பு மாதிரி வார்த்தைகளுக்கு முதல் எடத்துல இருந்தது நியூயார்க் டைம்ஸ்ல செய்தி வந்ததும் கீழ போயிருச்சு. எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லி அவங்க எஸ்இஓ கம்பெனியை வெளிய அனுப்பினாங்க.

இன்னொரு விஷயத்தைப் புரிஞ்சுக்கோங்க, ஏமாத்துறவங்க இந்தக் குழப்பத்துலதான் காசு பாக்குறாங்க. ட்ராஃபிக் விழுந்தா அது பெனால்டியாத்தான் இருக்கணும்னு இல்ல. கூகுள் ஆளுங்க நேர்ல பாத்துப் போடறது மேனுவல் ஆக்‌ஷன், அது சர்ச் கன்சோல்ல எழுத்துலயே இருக்கும். அல்காரிதம் மாறி எறங்குறது வேற, அதுக்கு நோட்டீஸும் வராது, மனு போடற வழியும் கிடையாது, சைட்டை நல்லாக்குறதுதான் வழி. கெட்ட லிங்க்குக்காக சைட்டையே கீழ தள்ளுற பெங்குவின் அப்டேட் 2012 ஏப்ரல்ல வந்துச்சு, 2016 செப்டம்பர்ல இருந்து அது மெயின் அல்காரிதத்துலயே சேந்து, அந்த மாதிரி லிங்க்கை பெரும்பாலும் கணக்குல எடுக்காம விட்டுருது. அதனால மேனுவல் ஆக்‌ஷன் இல்லாத, காசு குடுத்து லிங்க் வாங்காத சைட்டுக்கு மாசாமாசம் டிஸ்அவோ பண்றேன்னு ஒருத்தர் பணம் கேட்டா அது சும்மா வாங்குற காசு.

எங்களுக்கு மேனுவல் ஆக்‌ஷனே இருந்ததால டிஸ்அவோ தேவைப்பட்டுச்சு. ஏஜென்சி ஏற்கனவே ஒரு ஃபைல் ஏத்தி வச்சிருந்தாங்க, அதை டவுன்லோடு பண்ணிப் பாத்தா கடையைப் பத்தி எழுதின ஒரு பத்திரிகையோட லிங்க், ஒரு டெக்ஸ்டைல் காலேஜ் லிங்க்னு நல்லது எல்லாத்தையும் சேத்தே தள்ளி வச்சிருக்காங்க! கெட்டதுல பாதி அதுல இல்லவே இல்ல. புது ஃபைல் ஏத்தினா பழசு போயிரும், அதனால சுத்தமா ஒண்ணு தயார் பண்ணி ஏத்தினோம். அந்த டூல் சர்ச் கன்சோல் மெனுவுல இருக்காது, தனிப் பக்கம், சைட்டை டொமைன் ப்ராப்பர்ட்டியா (டொமைன் பேரை மட்டும் குடுத்து) சேத்திருந்தா வேலை செய்யாது, யூஆர்எல் ப்ரிஃபிக்ஸ் ப்ராப்பர்ட்டியா (https-லிருந்து முழு முகவரி குடுத்து) சேக்கணும், இது தெரியாம நான் ரொம்ப நேரம் தேடினேன். லிங்க் குடுத்திருந்த சைட்டுகளுக்கு எடுக்கச் சொல்லி மெயில் அனுப்பினோம், சிலர் எடுத்தாங்க, சிலர் எடுக்கறதுக்குக் காசு கேட்டாங்க, குடுக்கல. ஊர் பேர் பக்கங்களை மொத்தமா அழிச்சோம். அப்புறம் நடந்ததை நடந்தபடி எழுதி, என்னென்ன எடுத்தோம்ங்கற பட்டியலோட ரீகன்சிடரேஷன் ரிக்வெஸ்ட் (மறுபடி பரிசீலிக்கச் சொல்ற மனு) போட்டோம். இன்னும் மிச்சம் இருக்குன்னு உதாரண லிங்க்கோட திருப்பி அனுப்பினாங்க, அதையும் சுத்தம் பண்ணி மறுபடி போட்டதும்தான் ஆக்‌ஷனை எடுத்தாங்க. இதுக்கு கூகுளுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. உள்ள ஆள் இருக்காங்கன்னு சொல்றதெல்லாம் பச்சைப் பொய்.

பெனால்டி போனதும் பழைய எடம் அப்படியே வந்துரல. ஏஜென்சி காலத்துல மேல போனது அந்தப் பொய் லிங்க்கால, அது போனதும் அந்த உயரமும் போயிருச்சு. கடை பேரைத் தேடினா இப்ப எங்க சைட் வருது, ஆர்டர் மெதுவாத்தான் திரும்புது, ஒரு கல்யாண சீசனே கையை விட்டுப் போயிருச்சு.

ஏஜென்சியை நீக்கும்போது இதைக் கவனிங்க, யூசர் லிஸ்ட்ல இருந்து எடுத்தா மட்டும் பத்தாது. அவங்க வெரிஃபை பண்ண சர்வர்ல வச்ச எச்டிஎம்எல் ஃபைல், பக்கத்துல போட்ட மெட்டா டேக் இதெல்லாம் அப்படியே கிடந்தா திரும்ப ஓனரா உள்ள வந்துருவாங்க. ரெண்டையும் அழிங்க. புகார் குடுக்கணும்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வணிக நோக்கத்துக்கு வாங்கின சேவை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வராதுன்னு சொல்லி ஏஜென்சி வக்கீல் பயமுறுத்தினாரு, ஆனா பொழப்புக்காக சுயதொழில் பண்றவங்க வாங்கற பொருளுக்கு அதே சட்டத்துல விலக்கு இருக்கு, அது சேவைக்கும் பொருந்தணும்னு சொல்லித்தான் நாங்க போயிருக்கோம்.

உங்க டொமைன் யார் பேர்ல இருக்கு, சர்ச் கன்சோல்ல ஓனர்னு இருக்கறது யாரோட மெயில்னு இன்னிக்கே பாத்துருங்க. உங்க மெயில் அதுல இல்லைன்னா எனக்கு எழுதுங்க, டிஎன்எஸ் ரெக்கார்ட் எப்படிப் போடறதுன்னு கூட இருந்து சொல்லித் தர்றேன், காசெல்லாம் வேண்டாம்.