திருகோணமலையில் இணைய வேலைகள்: பாமினி, பென் டிரைவ், காணி உறுதி

அம்மாவின் பெயரில் உவர்மலையில் இருக்கும் காணியின் பத்திரங்களைச் சரிசெய்யத்தான் இம்முறை திருகோணமலைக்குப் போயிருந்தேன். பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அற்றோர்னித் தத்துவம் (எங்களுக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), வங்கிக் கணக்கு, அம்மாவின் கைப்பேசி என்று வேலைகள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்று வந்தன. இதே வேலைகளோடு ஊருக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். எது சுலபமாக நடந்தது, எங்கே கவனம் வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். லண்டனில் ஓர் உள்ளூராட்சி சபையின் ஆவணப் பகுதியில் வேலை செய்வதால் கோப்புகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவேன்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே கவனமாக இருக்கவேண்டும். தேடினால் அரசாங்கத் தளம்போலவே தோற்றம் காட்டும் பக்கங்கள் மேலே வருகின்றன. கூடுதல் காசு கேட்கின்றன, பாஸ்போர்ட் விவரத்தையும் வாங்கிக்கொள்கின்றன. விசாவுக்கான இலங்கை அரசின் தளப் பெயர், அதாவது முகவரியில் அதற்குப் பின் வரும் சாய்கோட்டுக்கு முந்திய பகுதி, 'கவ் டொட் எல்கே' (gov.lk) என்று முடியவேண்டும். அந்த எழுத்துகள் தளப் பெயரின் நடுவில் வந்து, சாய்கோட்டுக்கு முன்னரே புள்ளியோ கோடோ போட்டு வேறு ஏதாவது தொடர்ந்தால் அது போலி.

ஊரில் இணைப்புப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நகரத்திலும் உப்புவெளியிலும் வீடியோ அழைப்பு தடையில்லாமல் பேச முடிந்தது. கடைகளில், கைப்பேசியால் ஸ்கான் செய்து காசு கட்டும் லங்காகியூஆர் அட்டை தொங்குகிறது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் 2024 பெப்ரவரியிலிருந்து தங்கள் யுபிஐ செயலியாலேயே அதில் காசு கட்டுகிறார்கள். என் லண்டன் வங்கிச் செயலியால் அது முடியவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு உள்ளூர் வங்கிக் கணக்கு இருந்தால்தான் சரிவரும். 2025 பெப்ரவரியில் தொடங்கிய கவ்பே சேவையாலும் பல அரசக் கட்டணங்களை வங்கிச் செயலியிலேயே கட்டலாம். பிரதேச செயலகத்தில் என் பிறப்புச் சான்றிதழைக் கணினியிலேயே தேடி, பழைய பதிவின் படத்தை அச்செடுத்துத் தந்தார்கள். முன்பு பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுக்கும்வரை வாங்கில் காத்திருப்போம். அந்த வகையில் உண்மையாகவே சந்தோஷம்.

ஆனால் ஊர்ச் சனத்தில் பெரும்பாலானவர்கள் இந்தச் சேவைகளை நேரடியாகத் தொடுவதில்லை. நடுவில் ஒரு கொமினிகேஷன் கடை நிற்கிறது. நகரத்துக்குள் நான் போய்வந்த கடையில் இரண்டு கணினி, ஒரு ஸ்கானர், ஒரு பெரிய போட்டோ கொப்பி இயந்திரம், ஒரு தங்கச்சி. கிண்ணியாவிலிருந்து வந்த வயதான ஐயாவுக்கு விண்ணப்பம் நிரப்புவதும் அவர்தான், பரீட்சைப் பெறுபேறு அச்செடுத்துக் கொடுப்பதும் அவர்தான், மூதூர்ப் பிள்ளைக்கு வேலைக்கான விவரக்கோவை தட்டச்சு செய்வதும் அவர்தான். அரசாங்கம் இணையத்துக்கு அனுப்பிய வேலையின் பாதியை இப்படியான பிள்ளைகள்தான் சொற்பக் காசுக்குச் செய்கிறார்கள். அவர்களுக்கு ஒருவரும் பயிற்சி கொடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கடைக்கு ஒரு வட்ஸ்அப் இலக்கம் இருக்கிறது. அச்செடுக்க வேண்டியதை எல்லோரும் அதற்கு அனுப்புகிறார்கள். அது கவுண்டர்க் கணினியில் எந்த நேரமும் திறந்தே கிடக்கிறது. நான் அனுப்பிய காணி உறுதியை (காணிப் பத்திரத்தை) தேடி அவர் டவுன்லோட் கோப்புறையைத் திறந்தபோது, முன்பின் தெரியாதவர்களின் அடையாள அட்டை, பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம், காணி உறுதி எல்லாம் வரிசையாகத் திரையில் வந்தன. என் பின்னால் நின்றவர்களுக்கும் அது தெரிந்தது. கேட்டால், "திரும்பவும் வந்து கேப்பாங்க அக்கா, அதுக்காகத்தான் அழிக்காம வச்சிருக்கம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பலரிடம் வேறு பிரதியே இல்லை. ஆனால் அந்தக் கணினியில் இருப்பது விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. அதில் யார் யாருடைய பென் டிரைவோ நாள் முழுக்க ஏறி இறங்குகிறது.

இதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது மின்னஞ்சல் விடயம். இணைய விண்ணப்பத்துக்கு மின்னஞ்சல் முகவரி கட்டாயம் என்பதால் கடையிலேயே ஒன்றைத் திறந்து கொடுக்கிறார்கள். பாஸ்வேர்டை ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைக்கிறார்கள். பாஸ்வேர்ட் மறந்தால் மீட்பதற்கான இலக்கமாகக் கடையின் இலக்கத்தையே கொடுக்கிறார்கள். அம்மாவின் கணக்கும் அப்படித்தான் இருந்தது. மீட்பு இலக்கம் வீட்டுச் சாவியின் மற்றப் பிரதி மாதிரி; அது கையில் இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். இந்தத் தங்கச்சி ஒருநாளும் அப்படிச் செய்யமாட்டார் என்று நம்புகிறேன். கடை கைமாறலாம், அந்த சிம் வேறு யாருக்கும் போகலாம், கொப்பி தொலையலாம். அன்றைக்கே அவரை வைத்துக்கொண்டே மீட்பு இலக்கத்தை அம்மாவுடையதாகவும், மாற்று மின்னஞ்சலை என்னுடையதாகவும் மாற்றினோம். பாஸ்வேர்டையும் புதிதாக வைத்தோம்.

பிறகு கடை முதலாளியோடும் பேசினேன். வேலை முடிந்ததும் பிடிஎப் கோப்பை வாடிக்கையாளரின் வட்ஸ்அப்புக்கே திருப்பி அனுப்பிவிட்டு, கணினியில் இருப்பதை ஷிஃப்டையும் டிலீட்டையும் சேர்த்து அழுத்தி அழிக்கச் சொன்னேன். வெறுமனே டிலீட் அழுத்தினால் அது ரீசைக்கிள் பின்னில்தான் கிடக்கும். அடுத்த முறை ஆள் வரும்போது அவருடைய கைப்பேசியிலேயே பிரதி இருக்கும், கடை வைத்திருக்கத் தேவையில்லை. அவர் மறுப்பில்லாமல் ஒத்துக்கொண்டார். நாங்களும் அனுப்பியதை எங்கள் பக்கத்திலிருந்து எல்லோருக்குமாக அழிக்கலாம். வட்ஸ்அப் அதற்கு ஏறத்தாழ இரண்டரை நாள் அவகாசம் தருகிறது. ஆனால் கணினியில் இறக்கிய பிரதி அதனால் அழியாது. இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டது. சட்டம் முழுதாக வந்தாலும், ஒரு சின்னக் கடைக்குள் அது எட்டிப்பார்க்க நாளெடுக்கும். அதுவரை கேட்டு அழிப்பிக்க வேண்டியது நாங்கள்தான்.

அடுத்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. உறுதி எழுதும் நொத்தாரிசின் அலுவலகத்தில் அற்றோர்னித் தத்துவத்தின் வரைவைத் தமிழில் தட்டச்சு செய்து வேர்ட் கோப்பாக அனுப்பினார்கள். ரொறன்ரோவிலிருக்கும் தம்பி திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். கோப்புப் பழுதாகிவிட்டதென்று பயந்துவிட்டான். பழுது ஒன்றுமில்லை. பாமினியில் தட்டச்சு செய்யும்போது கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் மட்டும் அவை தமிழாகத் தெரியும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது நியமமான யூனிகோடில் 1991 இலிருந்தே தமிழுக்குத் தனி இடம் இருக்கிறது. இருந்தும் இலங்கையில் எத்தனையோ அலுவலகங்கள் இன்னும் பாமினியில்தான் ஓடுகின்றன, விரல் பழகிவிட்டதால். பழகிய பாமினி விசைகளையே அழுத்தி யூனிகோடில் எழுத இலவச மென்பொருள்கள் உண்டு. அலுவலகத்து அண்ணரிடம் அதைச் சொன்னேன், ஆர்வமாகக் கேட்டார்.

அவசரத்துக்குச் செய்யக்கூடியது, வேர்டிலிருந்தே பிடிஎப் ஆகச் சேமித்து அனுப்பச் சொல்வது. எழுத்துருவும் கோப்புக்குள் சேர்ந்து வரும், எங்கே திறந்தாலும் அப்படியே தெரியும். நீண்டகாலம் வைத்திருக்க வேண்டியதென்றால் பிடிஎப்-ஏ என்ற வகை இன்னும் நல்லது. காப்பகங்களுக்கென்றே 2005 இல் சர்வதேச நியமமாக வந்தது, எழுத்துருவை உள்ளே பதித்தே ஆகவேண்டும் என்பது அதில் விதி. எங்கள் அலுவலகத்திலும் அதைத்தான் பாவிக்கிறோம். ஆனால் பாமினிக் கோப்பு எந்தப் பிடிஎப் ஆனாலும் உள்ளே பாமினிதான். கண்ணுக்குத் தமிழ், தேடினால் ஒரு பெயரும் அகப்படாது. நாளைக்கு ஒரு பேரப்பிள்ளை தாத்தாவின் பெயரைத் தேடினால் கிடைக்கவேண்டும். அதனால்தான் யூனிகோட் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பாமினியை மாற்றவோ பிடிஎப் கோப்புகளை ஒன்றாக்கவோ முன்பின் அறியாத இலவசத் தளங்களில் உறுதியை ஏற்றாதீர்கள். எல்லைகள், உறுதி இலக்கம், கையொப்பம், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் நீங்களே ஓர் அந்நியரிடம் கொடுக்கிறீர்கள். வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கும் காணிக்குக் கள்ள உறுதி எழுதுகிற கதைகளை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

படங்களிலும் ஒரு சிக்கல். ஐபோன் 2017 இலிருந்து படங்களை ஹெச்இஐசி என்ற வகையில் சேமிக்கிறது. நான் நிரப்பிய விண்ணப்பத் தளம் ஜேபிஜி தவிர வேறொன்றையும் ஏற்கவில்லை. கமரா அமைப்பில் ஃபோமற்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கொம்பட்டிபிள்' என்பதைத் தெரிவு செய்துவிட்டால் அதற்குப் பிறகு எடுப்பதெல்லாம் ஜேபிஜியாக வரும். உறுதியை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். முத்திரையின் சின்ன எழுத்து அழிந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

அலுவலகங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியதையெல்லாம் அச்செடுத்தும் கொடுத்தேன், கையொப்பமும் திகதியும் வாங்கிக்கொண்டேன். தம்பி பழைய பழக்கம் என்றான். 2023 ஆகஸ்டில் அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்களை வைத்திருந்த இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை, கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் பணயத் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 இலிருந்து ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மாற்றுப் பிரதி இல்லாததால் தொலைந்துபோயின. அமைச்சரவை அலுவலகமும் அதில் தப்பவில்லை. அந்த நாட்களில் அனுப்பிய ஒரு விண்ணப்பத்துக்கு அனுப்பியவர் கையில் தாள் இருந்தால்தான் பேச முடியும்.

அம்மாவின் கைப்பேசிக்கு ஒரு முழுப் பின்னேரம் ஒதுக்கினேன். நான் போவதற்குக் கொஞ்சம் முன்னர்தான் மாமியின் வட்ஸ்அப் பறிபோயிருந்தது. தெரிந்த ஒருவரின் இலக்கத்திலிருந்து, "மாமி, தவறுதலா உங்களுக்கு ஒரு ஆறு இலக்கக் கோட் வந்திருக்கும், அனுப்புங்கோ" என்று செய்தி. அனுப்பினார். சிறிது நேரத்தில் மாமியின் பெயரில் எல்லோரிடமும் காசு கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மாவின் வட்ஸ்அப்பில் இரண்டுகட்டச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்க பின் வைத்தேன். இணைத்த சாதனங்கள் என்ற பகுதியைப் பார்த்தால், எப்போதோ கடையில் திறந்த கணினி ஒன்று இன்னும் அங்கே இருந்தது, அதை நீக்கினேன். தபால் திணைக்களத்தின் பெயரில் பொதி வந்திருக்கிறது என்று சொல்லும் குறுஞ்செய்திகளையும், செயலியை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்புகளையும் தொடவேண்டாம் என்று காட்டிக் கொடுத்தேன். "கோட் கேட்டா ஆரெண்டாலும் இல்ல எண்டு சொல்லுவன்" என்று அம்மா அதைத் தானே திருப்பிச் சொன்னார்.

வங்கியில் என் கணக்குக்குக் கொடுத்திருந்த உள்ளூர் இலக்கம் நெடுநாள் பாவிக்காததால் செத்துப்போயிருந்தது. வங்கி அந்த இலக்கத்துக்கு அனுப்பும் ஒருமுறைக் குறியீடு (ஓடிபி) வராமல் எதுவும் நடக்காது. புது சிம் எடுத்து, நேரில் அடையாள அட்டையோடு போய் மாற்றினேன். வங்கியில் இருந்த பிள்ளை பொறுமையாகச் செய்து தந்தார். பழைய இலக்கம் நாளைக்கு வேறொருவர் கைக்குப் போகும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. வரும்போது அந்த சிம்மை மச்சானிடம் கொடுத்து, மாதம் ஒருமுறை சின்னதாக ரிலோட் போட்டு ஓர் அழைப்பாவது எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அசல் உறுதி அம்மாவிடம், பிடிஎப் பிரதி பாஸ்வேர்ட் போட்டு என்னிடமும் தம்பியிடமும்.