கம்ப்ரஸர் வேண்டாம், காற்று மட்டும் போதும்: ஒரு சேவை ஒப்பந்தம் பற்றி

எங்கள் பெயின்ட் ஷாப்புக்குத் தேவை அழுத்தக் காற்றுதான். கம்ப்ரஸர் யாருடையதாக இருந்தால் என்ன? அதனால் பழைய மெஷின் ஓய்ந்தபோது புதிது வாங்கவில்லை. கன மீட்டருக்கு இவ்வளவு என்று காற்றுக்கு மட்டும் பணம் கட்டும் ஒப்பந்தத்துக்குப் போனோம். மெஷின் எங்கள் ஷெட்டில் நிற்கும், ஆனால் உரிமை தயாரிப்பாளருக்கு. ஸ்பேர், ஆயில், ரிப்பேர் எல்லாம் அவர்கள் தலையில். மின்சாரம் எங்கள் கணக்கில். கையெழுத்துப் போட்டது தயாரிப்பாளரோடு. ஸ்பானரோடு வந்து நிற்பவர் டீலரின் ஆள். இந்தச் சேவையின் நல்லது கெட்டது இரண்டும் இங்கேதான் பிறக்கின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு எதற்கும் இருக்கட்டும் என்று 8 பாரில் (பார் என்பது காற்றழுத்த அளவு) ஓட்டிக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் காற்று எடுக்கும் ஒவ்வொரு பாயின்ட்டாக அளந்து, 7 பார் தாராளமாகப் போதும் என்று காட்டினார்கள். இந்த ரக கம்ப்ரஸரில் ஒரு பார் குறைத்தாலே மின்சாரம் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். கம்ப்ரஸரின் ஆயுள் செலவில் பெரும்பங்கு கரன்ட் பில்தான், வாங்கும் விலை சின்னப் பங்கு. மெஷினை விற்றுவிட்டுப் போகிறவர் இதை உட்கார்ந்து அளந்து கொடுத்து நான் பார்த்ததில்லை.

கெட்டது டிரையரில், அதாவது காற்றின் ஈரத்தை எடுக்கும் கருவியில், வந்தது. காற்றில் ஈரம் ஏறி, ஸ்பிரே செய்த பேனல்களில் பொடிப்பொடியாகக் கொப்புளம். டிரையரின் சென்சார் முந்தின இரவே எச்சரித்திருக்கிறது. அந்தச் செய்தி தயாரிப்பாளரின் கண்காணிப்பு மையத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. டீலருக்கு நாங்கள் போன் செய்துதான் தெரியும். வந்த டெக்னீஷியன் நல்ல வேலைக்காரர். சேரும் தண்ணீரைத் தானாக வெளியேற்றும் வால்வான ஆட்டோ டிரெயினைக் கழற்றினார். உள்ளே துருவும் எண்ணெயும் கலந்த சேறு அடைத்திருந்தது. வால்வையே மாற்ற வேண்டும் என்றார். வண்டியில் வால்வு இருந்தது. ஆனால் மாற்ற அனுமதி வரவேண்டும், ஏனென்றால் அந்த வால்வின் காசு இப்போது தயாரிப்பாளரின் பாக்கெட்டிலிருந்து போகிறது. அவர் போனைப் பார்த்தபடி காத்திருந்தார், எங்கள் லைனும் காத்திருந்தது.

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். டீலரின் பிழைப்பை யோசித்துப் பாருங்கள். இதுவரை ஸ்பேர் விற்றுத்தான் லாபம். மெஷின் பழுதானால் அவருக்கு வியாபாரம். சேவை ஒப்பந்தம் வந்ததும் அந்த லாபம் போய், மாதம் ஒரு நிலையான தொகை மட்டும். ஒருமுறை கூடுதலாக வந்தால் அது அவருக்கு நஷ்டம். வாடிக்கையாளரிடம் பலனை விற்கும் நிறுவனம் டீலருக்குப் பழைய கணக்கில் கொஞ்சம், புதிய கணக்கில் கொஞ்சம் என்று கொடுத்தால் அவர் எந்தப் பக்கம் நிற்பார்?

இந்த வியாபார முறை புதிதல்ல. 1962லேயே பிரிஸ்டல் சிட்லி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் விமான இன்ஜின் பராமரிப்பை, பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று விற்றது. கட்டுமானக் கருவிகள் செய்யும் ஹில்டி 2000ஆம் ஆண்டு வாக்கில் அவற்றை மாதக் கட்டணத்தில் கொடுக்கத் தொடங்கியது. அவர்கள் பெரும்பாலும் தங்கள் ஆட்களை வைத்தே நேரடியாக விற்பவர்கள் என்பதால், நடுவில் யாருடைய லாபத்தையும் தொட வேண்டியிருக்கவில்லை. மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் மாதிரி, தனி முதலாளிகளான டீலர்களை நம்பி வளர்ந்த நிறுவனங்களுக்குக் கதை வேறு. வாடிக்கையாளரை முகம் பார்த்து அறிந்தவர் டீலர்தான். அவரைத் தாண்டிப் போகவும் முடியாது, அவர் வருமானத்தில் கைவைத்துவிட்டு உழைப்பை மட்டும் கேட்கவும் முடியாது.

எங்கள் விஷயத்தில் அப்புறம் நிலைமை தேறியது. சண்டை போட்டுத்தான். இப்போது எச்சரிக்கை ஒரே நேரத்தில் டெக்னீஷியனின் போனுக்கும் போகிறது. சின்ன ஸ்பேர்களை அவரே முடிவு செய்து மாற்றலாம். மெஷின் நிற்காமல் ஓடினால் டீலருக்கு ஊக்கத்தொகை உண்டு. அதன்பிறகு அதே டெக்னீஷியன் கூப்பிடாமலே வந்து ஃபில்டரைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது: லீக். சரியாகப் பராமரிக்காத ஆலைகளில் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிந்தே போகும். கன மீட்டருக்குப் பணம் என்றால் கசிகிற காற்றுக்கும் பில் உண்டு. அதை அடைக்கச் சொல்லி வருவதில் தயாரிப்பாளருக்கும் லாபமில்லை, டீலருக்கும் லாபமில்லை. அடுத்த ஒப்பந்தத்தில், கசிவு குறைந்து மிச்சமாகும் தொகையில் டீலருக்கு ஒரு பங்கு என்று எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது வரும்வரை ஷிஃப்ட் முடிந்து எல்லாம் அடங்கிய பிறகு, கசிவின் சத்தத்தைப் பிடிக்கும் அல்ட்ராசோனிக் டிடெக்டரோடு நாங்களே லைன் லைனாகப் போகிறோம்.

இதே ஒப்பந்தத்தை யோசிப்பவர்களுக்கு: தயாரிப்பாளரின் ஆளிடம் பேசுவதற்கு முன்னால் டீலரைத் தனியாகப் பாருங்கள். இந்த மெஷின் ஓடினால் உங்களுக்கு என்ன கிடைக்கும், நின்றால் என்ன கிடைக்கும் என்று நேராகவே கேளுங்கள்.