அப்புத்தளையில் ஆறு நாள்: கலாநிதி ஆய்வாளருக்கான தங்கிப் படிக்கும் வகுப்பு

லண்டனில் வேலை பார்த்துக்கொண்டே வணிக நிர்வாகக் கலாநிதிப் பட்டத்துக்குப் பகுதிநேரமாக ஆய்வு செய்யும் எனக்கு, மேற்பார்வையாளர் என்பவர் மூன்று ஆண்டுகளாக மாதத்துக்கு ஒருமுறை 40 நிமிடம் கணினித் திரையில் தோன்றும் ஒரு முகம்தான். ஆய்வுப் பொருளோ எங்கள் ஊரான இலங்கை மலையகத்துடையது. தேயிலைத் தோட்டங்களில் நாட்சம்பளத்துக்குப் பதிலாகக் கம்பனிகள் முன்வைக்கும் வருமானப் பகிர்வு முறையைத் தொழிலாளர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதே கேள்வி. ஆகவே 2025 ஓகஸ்டில் ஹட்டனில் உள்ள அம்மாவைப் பார்க்க வந்தபோது, அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்து பங்களாவில் நடந்த ஆறு நாள் வகுப்பில் இடம் பதிந்துகொண்டேன்.

ஆய்வாளர்கள் ஐந்து பேர், ஆசிரியர்கள் இருவர். காலையில் எல்லோருக்கும் பொதுவான வகுப்பு, மாலையில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒன்றரை மணி நேரம். பொதுவகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புள்ளிவிபரப் பகுதியை, வங்கி வாடிக்கையாளரை ஆராய்பவருக்கும் சுற்றுலா விடுதிகளை ஆராய்பவருக்கும் ஒரே படங்களைத் திரையில் காட்டி ஓட்டிவிட்டார்கள். அதை வீட்டிலிருந்தே காணொளியில் பார்த்திருக்கலாம். கொடுத்த காசுக்குப் பெறுமதியானது மாலை நேரம்தான்.

முதல் மாலை மூத்த ஆசிரியர் என் வினாக்கொத்தை வாங்கி விறாந்தையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஊவாப் பக்கத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில்தான் அங்கத்தைய தேயிலைக்கு மணம் ஏறும் என்பார்கள். அந்தக் காற்று தாள்களைக் கிளப்பிவிட, தேநீர்க் கோப்பையை அவற்றின் மேல் பாரமாக வைத்துக்கொண்டார். ஏழாவது கேள்வியில் விரல் நின்றது. “மாதத்தில் எத்தனை நாள் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரிடமாவது நேரில் கேட்டுப் பார்த்தீர்களா?”

நேரில் கேட்கவில்லை. உறவினர் ஒருவர் மூலம் 30 பேரிடம் தொலைபேசியில் முன்னோட்டமாகக் கேட்டிருந்தேன். 1970 இல் பிரிஸ்லின் என்ற ஆய்வாளர் விளக்கிய முறைப்படி, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவரும் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு இன்னொருவருமாக மொழிபெயர்த்துச் சரிபார்த்தும் இருந்தேன். மனப்பாங்குக் கேள்விகளுக்கு க்ரொன்பாக் அல்பா 0.82 வந்திருந்ததைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். “அந்தக் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அல்பா சொல்லும். நீங்கள் கேட்டதும் அவர்களுக்கு விளங்கியதும் ஒன்றா என்று அது சொல்லாது. நாளைக்குத் தேயிலை மலைக்குப் போய்ப் பார்ப்போம்” என்றார்.

மறுநாள் கொழுந்து நிறுவை முடிந்து திரும்பிய ஓர் அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். “நாளுன்னு கேட்டா எப்படிங்க மிஸ் சொல்றது? போன மாசம் இருபத்தி நாலு நாள் மலைக்குப் போனேன். பேரு பத்தொம்பதுதான் விழுந்துச்சு” என்றார். பேர் என்றால் சம்பளக் கணக்கில் பதியப்படும் ஒரு நாள் வேலை. பறித்த கொழுந்து நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்தால் அன்று அரைப் பேர்தான். பத்து நாள் அவருக்கு அரைப் பேராகப் போயிருந்தது. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது என்று என் அறிமுக அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். அந்த ஆயிரத்தின் கீழே இப்படி ஒரு கணக்கு ஓடுவதற்கு என் வினாக்கொத்தில் இடமே இல்லை. முன்னோட்டத்தில் பதில் சொன்ன 30 பேரில் யார் நாளைச் சொன்னார், யார் பேரைச் சொன்னார் என்பதை இனிப் பிரித்தறிய வழியில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அம்மாவின் பேர் எத்தனை என்று மாதாமாதம் கேட்டு வளர்ந்தவள் நான். கேள்வியை ஆங்கிலத்தில் யோசித்தபோது அந்தச் சொல் எனக்கு நினைவுக்கே வரவில்லை என்பதுதான் உறைத்தது.

சம்மதப் படிவத்திலும் இதே கதைதான். கையெழுத்து என்றதும் அந்த அக்கா இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார். வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்யலாம், ஆனால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் அந்த மாற்றத்துக்கு முதலில் அனுமதி பெற வேண்டும் என்று ஆசிரியர் விளக்கி, விண்ணப்பத்தை என்னையே எழுத வைத்தார். மூன்று முறை திருப்பித் தந்தாரே தவிர ஒரு வசனம்கூட அவர் எழுதித் தரவில்லை. அத்தியாயமாகவே எழுதிக் கொடுக்கும் வியாபாரம் மலிந்த காலத்தில் இதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறைகளும் உண்டு. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நாள் அழைத்துச் செல்வதாக விளம்பரத்தில் இருந்தது. ஏற்பாட்டாளர்கள் முன்அனுமதி கேட்கவே மறந்துவிட்டதால் அந்த நாள் சும்மா கழிந்தது, அதற்கான பணமும் திரும்பி வரவில்லை. இணைய இணைப்பு மாலையானதும் படுத்துவிடும். சுடுநீர் காலை ஆறு மணிக்கு முன் எழுந்தவர்களுக்கு மட்டும். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ரொட்டியும் கட்டச் சம்பலும் ஆறு நாளும் சலிக்கவில்லை.

திரும்பும் வழியில் புகையிரதத்தில் ஏழாவது கேள்வியை மூன்றாக உடைத்து எழுதினேன்: எத்தனை நாள் மலைக்குப் போனீர்கள், எத்தனை முழுப் பேர், எத்தனை அரைப் பேர். நெறிமுறைக் குழுவின் பதில் வந்ததும் முன்னோட்டத்தை முதலிலிருந்து நடத்த வேண்டும், இம்முறை நேரில். டிசெம்பர் விடுமுறைக்கு இப்போதே விண்ணப்பித்துவிட்டேன்.