ஒளிவிலகல்: காசு, கண்ணாடிப் பாளம், லேசர் – எதில் தொடங்கலாம்?

ஒளி ஒரு பொருளிலிருந்து வேறொன்றுக்குள் போகும்போது வளைவதுதான் ஒளிவிலகல். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நம் கைக்கு எட்டும் வழிகள் மூன்று: குண்டானில் போட்ட காசு, பள்ளி ஆய்வகத்துக் கண்ணாடிப் பாளம், லேசர். காவிரிப் படுகைப் பிள்ளைகளுக்குக் காசுதான் முதலில் என்பது என் உறுதியான கருத்து.

குண்டானின் அடியில் ஐந்து ரூபாய்க் காசை மெழுகு வைத்து ஒட்டிவிடுங்கள். பிள்ளை மெல்லப் பின்னால் நகரட்டும். விளிம்பு காசை மறைத்த இடத்தில் அப்படியே நிற்கட்டும். இப்போது ஓரமாகத் தண்ணீர் ஊற்றினால் மறைந்த காசு கண்ணுக்கு வந்துவிடும். 'தண்ணி காசைத் தூக்குது' என்பார்கள். ஒட்டிய காசு எப்படி நகரும் என்று கேட்டால் யோசனை தானாக ஒளியின் பக்கம் திரும்பும். தண்ணீரைவிட்டு வெளியேறும்போது கதிர் செங்குத்துக் கோட்டைவிட்டு விலகி வளைகிறது. வந்த வளைவு கண்ணுக்குத் தெரியாததால், கதிர் நேராகவே வந்ததாக எண்ணிக் காசை மேலே காண்கிறோம்.

இதை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் குளமும் வாய்க்காலும். நேர் மேலிருந்து பார்த்தால் நான்கடித் தண்ணீர் மூன்றடியாகத்தான் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு. மேட்டூர் திறந்து கலங்கலாக வரும் புதுத்தண்ணீரில் அடியே தெரியாது. அதனால் பயம் இருக்கும். தெளிந்த குளம்தான் கண்ணை ஏமாற்றும். நீச்சல் தெரியாத பிள்ளை இதைத் தெரிந்துவைத்திருக்கத்தான் வேண்டும்.

தம்ளரில் பென்சிலைச் சாய்த்துக் காட்டுவதும் வழக்கம். உருண்டைத் தம்ளரைப் பக்கவாட்டில் பார்த்தால் அது லென்ஸாக வேலை செய்து பென்சிலைத் தடிப்பாக்கிவிடும். முறிவு எது, உருப்பெருக்கம் எது என்று பிள்ளை குழம்பும். மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

காசால் கோணத்தை அளக்க முடியாது. அதற்குப் பாளமும் குண்டூசிகளும்தான். கதிரின் பாதையைக் குறிக்கும் ஊசிகள் செங்குத்தாக நிற்க வேண்டும். தலைகளை அல்ல, அடிகளை ஒரே நேர்கோட்டில் பார்க்க வேண்டும். இதில் சறுக்கினால் கணக்கே வராது. சாதாரணக் கண்ணாடியில் படுகோணம் (வரும் கதிர் செங்குத்துக் கோட்டோடு ஆக்கும் கோணம்) 30 டிகிரி என்றால் விலகுகோணம் (உள்ளே போன கதிர் அதே கோட்டோடு ஆக்கும் கோணம்) சுமார் 19.5. படுகோணத்தை 60 ஆக்கினால் விலகுகோணம் 39 ஆகாது, 35 அளவில்தான் நிற்கும். ஆனால் சைன் மதிப்புகளை வகுத்தால் இரண்டு முறையும் 1.5 வரும். இந்த ஈவு மாறாது என்று டச்சு அறிஞர் ஸ்நெல் 1621-ல் கண்ட விதியைப் பிள்ளை தன் நோட்டிலேயே பார்த்துவிடும். முக்கோணவியல் தொடாத வகுப்புக்கு இது வீண் உழைப்பு. பாளத்தைச் செங்குத்தாகத் தாக்கும் கதிர் வளையாது என்பதை மட்டும் காட்டினால் போதும்.

லேசர் காட்சிக்கு அழகு. மீன் தொட்டித் தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டால் கதிரின் பாதை பளிச்சென்று தெரியும். ஆனால் தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் கண்ணைத் தாக்கலாம். ஆகவே லேசர் ஆசிரியர் கையில்தான் இருக்க வேண்டும், சின்ன வகுப்புக்கு வேண்டவே வேண்டாம். இதற்கு மட்டுமே உள்ள பலம் முழு அக எதிரொளிப்பு. தொட்டிக்குள்ளிருந்து மேல்நோக்கிச் செல்லும் கதிரைச் சாய்த்துக்கொண்டே போனால், செங்குத்திலிருந்து 49 டிகிரி நெருங்கும்போது வெளியே போவது நின்று, முழுவதும் தண்ணீருக்குள்ளேயே திரும்பிவிடும். வீட்டுக்கு வரும் ஃபைபர் இணையக் கம்பிக்குள் ஒளி அடைபட்டு ஓடுவதும் இப்படித்தான் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.