லத்தேரி பக்கம் நிலம் வாங்கப் போனப்ப பட்டா சைட் எனக்கு எவ்ளோ உதவிச்சு

காட்பாடி தாண்டி லத்தேரி பக்கம் ஒரு நிலம், 40 சென்ட்டு, வில்லங்கம் எதுவுமே இல்ல, நாளைக்கே அட்வான்ஸ் போட்டுடுங்கனு புரோக்கர் ரெண்டு நாளா போன் பண்ணிகினே இருந்தாரு. சர்வே நம்பரும் சப்டிவிஷனும் (அதோட உட்பிரிவு நம்பர்) மட்டும் சொல்லுங்கண்ணேனு வாங்கி, அரசாங்கத்தோட இ-சர்வீசஸ் சைட்ல போட்டேன். மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே நம்பர், போனுக்கு வர்ற ஓடிபி, அவ்ளோதான், பைசா செலவில்ல. அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் தாராளமா குடுப்பேன்.

பட்டா திறந்தா பரப்பு 0 - 14.50னு இருக்கு. ஹெக்டேர்-ஏர் கணக்கு இது, ஒரு ஏர்னா 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 சென்ட்டு, பெருக்கிப் பாத்தா 36 சென்ட்டு கூட முழுசா வரல. மீதி 4 சென்ட்டு எங்க? சென்ட்டுக்கு 435.6 சதுர அடி, நாலுனா ஒரு வீடே கட்டலாம்ங்க. அதைவிட எனக்கு பக்குனு ஆனது பேருங்க. விக்கறேன்னு பேசினது ஒருத்தர், பட்டாவுல மூணு பேரு, அண்ணன் தம்பி அக்கானு கூட்டுப் பட்டா.

அதோட விடல. ரோட்டுலேர்ந்து நிலத்துக்கு பொதுப் பாதை இருக்குனு சொல்லியிருந்தாங்க, அந்தப் பாதையோட சர்வே நம்பரை அ-பதிவேட்டுல, அதான் கிராமத்து நிலமெல்லாம் என்ன வகைனு எழுதியிருக்கிற பதிவேட்டுல, பாத்தா ரயத்துவாரி புன்செய்னு வருது, அதாவது வேற யாரோ ஒருத்தரோட பட்டா நிலம். நிலத்தை அளந்து வரைஞ்ச எஃப்எம்பி ஸ்கெட்ச்லயும் பாதைனு ஒரு கோடு கூட இல்ல.

ஈசி, அதான் வில்லங்கச் சான்று, அது மட்டும் புரோக்கர் சொன்ன மாதிரியே சுத்தம், பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் சைட்ல நானே பாத்தேன், அதுவும் இலவசம்தான், சர்டிபைடு காப்பி வேணும்னாதான் பணம். ஆனா ஈசில வர்றது பதிவான பத்திரம் மட்டும், பதியாத உயிலோ வாரிசுங்க பங்கோ அதுல தெரியாது. அதனால ஈசில வில்லங்கம் 'நில்' (ஒண்ணுமில்ல)னு சொன்னாலே நம்பி பணம் எடுத்து நீட்டாதீங்க, பட்டாவையும் பக்கத்துல வெச்சு பேரை ஒண்ணொண்ணா ஒத்துப் பாருங்க. சப்டிவிஷன் ஆன நிலம்னா தாய் நம்பரையும், அதாவது பிரிக்கறதுக்கு முன்னாடி இருந்த சர்வே நம்பரையும் போட்டுத் தேடணும், பழைய பத்திரம் அதுலதான் சிக்கும்.

நம்ம ஊர்க்காரங்க இன்னொண்ணு கவனிங்க, பழைய பத்திரத்துல வட ஆற்காடு மாவட்டம்னு இருக்கும், அதுலேர்ந்து வந்த வேலூர் மாவட்டத்தை 2019ல மூணா பிரிச்சுட்டாங்க, ஆற்காடு, வாலாஜா நிலம்னா ராணிப்பேட்டையில தேடணும், ஆம்பூர், வாணியம்பாடினா திருப்பத்தூர்ல.

பட்டாவுல பேரு இருந்த அந்தக்கா குடியாத்தத்துல இருக்காங்கனு விசாரிச்சு, எங்கம்மாவைக் கூட்டிகினு நேராவே போனேன். விக்கற விஷயமே எனக்குத் தெரியாதேம்மானு அவங்க அப்படியே திண்ணையில உக்காந்துட்டாங்க. நாங்க அட்வான்ஸ் போடல.